பாறைப்பொடி கரைந்த கதை

1

இந்தக் கதை என்னுடையதில்லை. திருப்பதியிலிருந்து புத்தூர் வழியாக நகரி போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண்ணின் கைப்பேசியிலிருந்து என் காதில் விழுந்தது. மறுமுனையில் பேசியவள் ஏதோ வயல்வெளியில் நின்று பேசியிருக்க வேண்டும். அவ்வளவு பெரிய குரல். ஓட்டுநர் வரைக்கும் கேட்டது.

“கல்லு கரைஞ்சிச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லு.”

“கரைஞ்சிருக்குக்கா. நேர்லயே வந்துண்டிருக்கேன். வந்து சொல்றேன்.”

“எனக்குத் தெரியும். நான் யார்கிட்ட சொல்லணுமோ சொல்லிட்டேன்ல.”

சிறுநீரகக் கல் என்று நான் நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெரியவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். “வாழைத்தண்டு சாறு குடிச்சீங்களாம்மா?” என்று விசாரித்தார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “என் கல்லு இல்லை மாமா. மண்ணுல புதைச்ச கல்லு.”

நான் கேட்டது இவ்வளவுதான். அவள் நகரியில் இறங்கிப் போய்விட்டாள். மீதி முழுக்க நான் இட்டுக்கட்டியது. அதை இப்போதே சொல்லிவிட்டால் பின்னால் யாரும் என்னோடு சண்டைக்கு வரமாட்டீர்கள்.

எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும். முதலில் இரண்டு குரல் வரும். அந்தக் குரல்களுக்கு முகம் வருவதற்கு நாளாகும். மலை, மரம், வானம் எல்லாம் எப்போதாவது வரும், வராமலும் போகும். வர்ணனை விரும்புகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

முதல் தொடக்கம்: “விஜயபுரத்துச் செம்மண் மேட்டில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தபோது, தூரத்தில் ஒற்றைப் பனை—” [வேண்டாம். பனை பேசாது. யாராவது பேசினால்தான் எனக்குக் கை ஓடும்.]

இரண்டாம் தொடக்கம்: “பாஸ்பரஸ் இல்லாமல் பயிர் இல்லை. ஆனால் மண்ணில் அது பெரும்பாலும் கல்லோடு கல்லாகக் கட்டுண்டு கிடக்கிறது. கரைந்தால்தான் வேரால் அதை உறிஞ்ச முடியும். எவ்வளவு கரைகிறது என்று அளப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருத்தி—” [பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. இருந்தாலும் அடிக்கவில்லை. இது தெரியாமல் மேலே போக முடியாது.]

மூன்றாம் தொடக்கம்:

“இன்னாம்மா புதைக்கிற என் நெலத்துல?”

“பாறைப்பொடிக்கா.”

“எதுக்கு?”

“கரையறதான்னு பார்க்க.”

“கரைஞ்சா இன்னா குடுப்பாங்க?”

“டாக்டர் பட்டம்.”

“கரையலன்னா?”

“கரையலைன்னு எழுதினாலும் பட்டம் உண்டு. சரியா அளந்திருக்கணும், அவ்வளவுதான். ஆனா கரைஞ்சா நன்னாயிருக்கும்.”

“அப்ப கரைஞ்சிடும், உடு.”

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

புதைக்கிறவள் ப்ரியம்வதா. திருப்பதிக்காரி. அப்பா லக்ஷ்மிநரசிம்மனுக்குத் திருமலையில் கைங்கர்யம். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு இல்லாமல் அவள் வீட்டு வாசல் தாண்டியதில்லை. மண்ணியல் படிக்கிறாள். கேள்வி கேட்கிறவள் வசந்தா. நகரியை அடுத்த விஜயபுரம் பக்கம் அவளுக்கும் அவள் புருஷன் மாசிலாமணிக்கும் வேர்க்கடலை போடுகிற நிலம் இருக்கிறது.

வசந்தாவை முதலில் நான் வெட்கப்படுகிறவளாக எழுதினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். இரண்டு பக்கம் போனதும் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. பேருந்தில் ஓட்டுநர் வரைக்கும் கேட்ட குரல் எங்கே, இந்த முந்தானை எங்கே? அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.

ப்ரியம்வதாவின் வேலை இதுதான். தேநீர்ப் பை போல, நைலான் வலையில் தைத்த சின்னச் சின்னப் பைகள். ஒவ்வொன்றிலும் எடை போட்ட பாறைப்பொடி. சில பைகளைக் கடலைச் செடிகளின் வேரருகே புதைப்பாள். அங்கே சிவப்புக் கொடி நடுவாள். மற்றவற்றை அதே நிலத்தில் விதைக்காமல் விட்ட பகுதியில் புதைப்பாள். அங்கே வெள்ளைக் கொடி.* அறுவடை முடிந்ததும் தோண்டி எடுத்து, அலசி, காயவைத்து, மறுபடி எடை போட்டால் குறைந்தது எவ்வளவோ அவ்வளவு கரைந்திருக்கிறது என்று அர்த்தம். பையைச் சுற்றியுள்ள மண்ணையும் கொண்டுபோவாள். ஆய்வகத்தில் அந்த மண்ணின் சாற்றில் ஒரு மருந்தை விட்டால் நீலமாகும். நீலம் கூடக் கூட, கரைந்த பாஸ்பேட்டும் கூட.

[* வெள்ளைக் கொடிதான் இந்தக் கதையின் கண். வேர் ஒரு புளிப்பைக் கசியவிட்டுப் பாறையைக் கரைக்கிறது என்பது அவள் எண்ணம். வேரே இல்லாத இடத்தில் எவ்வளவு கரைகிறது என்று தெரிந்தால்தான் வேர் எவ்வளவு கரைத்தது என்று சொல்ல முடியும். ஆகவே இரண்டு கொடிக்கும் நடுவே வேரைத் தவிர வேறு எந்த வித்தியாசமும் இருக்கக் கூடாது. ஒரே மண், ஒரே மழை, ஒரே மோட்டார்த் தண்ணீர்.]

விஜயபுரத்துப் பெண்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. திருப்பதியிலிருந்து நெற்றிக் கோட்டோடு ஒரு பெண் வருகிறாள், குனிந்து சின்னத் துணிப் பையைப் புதைக்கிறாள், சிவப்புக் கொடி நடுகிறாள். மலை மேலிருந்து எதையோ கொண்டுவந்து வைக்கிறாள் என்று பேச்சு. சிலர் வரப்பில் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“அதெல்லாம் சும்மாம்மா. அது கல்லு. வெறும் கல்லு,” என்று வசந்தா எல்லோரிடமும் சொன்னாள். அவளுக்கு விவரம் தெரியும். இதை நினைவில் வையுங்கள். பின்னால் நடக்கும் தப்பு, கல்லைச் சாமி என்று நினைத்துச் செய்ததில்லை.

4

போன ஆனி மாதம். சோதனைக்காக ஒரு பையை முன்னதாகவே தோண்டிப் பார்த்துவிட்டு ப்ரியம்வதா பம்ப்செட் அறை நிழலில் வந்து உட்கார்ந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

[இந்த இடத்தில் ஆகாயத்தைக் கொஞ்சம் எழுதலாம் என்று பார்த்தேன். வசந்தா அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.]

“மொதல்ல துன்னு. அப்பறம் மூஞ்ச தூக்கி வெச்சிக்கோ.”

“பசிக்கலைக்கா.”

“கல்லு பசிக்கலன்னு சொல்லிச்சா, நீ சொல்றியா?”

“கரையவே மாட்டேங்கறது. போன வருஷமும் இப்படித்தான். எடை துளிக்கூட அசையலை.”

“கல்லுன்னா அப்டித்தான் கீது. பொறுமையா இரும்மா.”

“இது கடைசிப் போகம். இதோட என் பதிவுக் காலம் முடியறது. ஒழுங்கா ஒரு அளவு கையில இருந்தாத்தான் ஆய்வேட்டைக் குடுக்க முடியும்.”

“குடுக்கலன்னா?”

“இத்தனை நாள் பண்ணதெல்லாம் ஒண்ணுமில்லை.”

வசந்தா எலுமிச்சைச் சாதத்தை இலையில் தள்ளி அவள் பக்கம் நகர்த்தினாள். வசந்தா பேசாமல் இருந்தது எனக்கு அப்போதே சந்தேகமாக இருந்தது. ஆனால் ப்ரியம்வதா கவனிக்கவில்லை. அவள் ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

5

அறுவடை ஆனது. பைகள் திருப்பதிக்குப் போயின. ஆய்வகத்தில் வெள்ளைக் கொடி மண்ணின் சாறு நீலமா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு வெளிறலில் நின்றது. சிவப்புக் கொடி மண்ணின் சாறோ நீலம் என்றால் அப்படி நீலம். எடையும் இறங்கியிருந்தது. ப்ரியம்வதா அடுத்த பேருந்தில் ஏறிவிட்டாள். (அதில் பின் இருக்கையில் நான்.)

வசந்தா களத்தில் கடலைக் கொடியை உதறிக்கொண்டிருந்தாள்.

“வசந்தாக்கா, சிவப்புக் கொடிக்குக் கீழே இருந்ததெல்லாம் நன்னா கரைஞ்சிருக்கு. நான் நினைச்சதை விட ஜாஸ்தி. வெள்ளைக் கொடியில ஒண்ணுமே ஆகலை.”

“ஆவாது. வெள்ளைக்கு ஊத்தல.”

“என்ன ஊத்தலை?”

“கூழு.”

ப்ரியம்வதா கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள்.

“எந்தக் கூழ்?”

“ஆடிக்கூழும்மா. கேவுரு. கங்கம்மாவுக்கு நேர்ந்துகினு, ஆடி வெள்ளி தவறாம ஊத்தினேன். செவப்புக் கொடி ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொம்பு.”

“வெள்ளைக்கு மட்டும் ஏன் ஊத்தலை?”

“வெள்ளைத் துணிக்கு யாராவது கூழு ஊத்துவாங்களா? சாவு வூட்டு மாதிரி கீது.”

6

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன். இவ்வளவு அன்பான ஒரு நாசத்தை நான் எழுதியதில்லை.

என்ன ஆயிற்று என்று உங்களுக்கும் புரிந்திருக்கும். புளித்த கூழ் பாறைப்பொடியைக் கரைக்கும். கேழ்வரகிலும் பாஸ்பரஸ் இருக்கிறது, அதுவும் சேர்ந்து நீலமாகும். இரண்டு கொடிக்கும் நடுவே வேர் மட்டும்தான் வித்தியாசமாக இருந்திருக்க வேண்டும். இப்போது வேரும் கூழும் சேர்ந்து நிற்கின்றன. பிரிக்க வழியில்லை.

ப்ரியம்வதாவுக்குக் கொஞ்சம் சபலம் கொடுத்துப் பார்த்தேன். “யாருக்கும் தெரியப்போவதில்லை என்று அவள் மனம் ஒரு கணம்—” [மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் வாக்கியம் முடிவதற்குள் அவள் களத்தைவிட்டுத் தள்ளிப் போய்ப் பேராசிரியரைக் கைப்பேசியில் கூப்பிட்டுவிட்டாள். விட்டுவிட்டேன்.]

பேராசிரியர் வேங்கடாசலம் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர்.

“ஏமைந்தம்மா? என்ன ஆச்சு?”

“சார், சிவப்புக் கொடியில எல்லாம் கூழ் ஊத்தியிருக்கா.”

“கூழா? ராகியா, கம்பா?”

“ராகி சார்.”

“மஜ்ஜிக கலந்ததா?”

“மோர் இல்லாம ஆடிக்கூழ் உண்டா சார்?”

அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

“சரேம்மா. இந்த அளவு போச்சு. நீயே சொல்லிட்டே, அது நல்லது. ஒரே ஒரு போகம் நீட்டிச்சு வாங்க முடியும். அதுக்கு மேல என் கையில இல்லை. புது நிலம் வேலைக்கு ஆகாது. இத்தனை வருஷ மண் கணக்கு நமக்கு அங்கதான் இருக்கு. அந்தம்மா மறுபடி நிலம் தருவாங்களா? கேளு. நானே கூப்பிடறேன்.”

ஆக, ப்ரியம்வதாவுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அது வசந்தாவின் நிலத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டுமானால், அக்கா, உன் கூழ்தான் கெடுத்தது என்று சொல்லியாக வேண்டும்.

7

முடிவுகள். எழுதி, நானே தள்ளியவை.

கூழே பெரிய கண்டுபிடிப்பாகிவிடுகிறது. பேராசிரியர்கள் எல்லாம் சொம்போடு வந்து வசந்தா முன்னால் நிற்கிறார்கள், படித்தவர்களுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. கைதட்டல் கிடைக்கும் முடிவு. ஆனால் வசந்தா எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவள் ஒரு பெண்ணின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்தாள், அவ்வளவுதான். அதை நான் ஏன் வேறு பெயரிட்டு விற்க வேண்டும்?

இன்னொன்று: ப்ரியம்வதா “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுக்கா” என்று பொய் சொல்லிவிட்டு நாயுடுபேட்டைப் பக்கம் வேறு நிலம் தேடிப் போய்விடுகிறாள். மண் வேறு. பட்டமும் போகும், அக்காவும் போவாள்.

மூன்றாவதில் வசந்தாவை அழவைத்தேன். அழுதபடியே அவள் கடலைக் கொடியை உதறினாள். படித்துப் பார்த்தால் அது வசந்தா இல்லை. யாரோ கூலிக்கு அழுத மாதிரி இருந்தது.

எனவே ப்ரியம்வதாவைக் களத்துக்கே திருப்பி அனுப்பினேன். சொல்லிவிடு என்றேன். இனி வருவது நான் எழுதியதா, கேட்டதா என்று எனக்கே தெரியாது.

8

“வசந்தாக்கா, கல்லு கரைஞ்சது நெஜம்தான். ஆனா வேர் கரைச்சதா, கூழ் கரைச்சதான்னு தெரியலை.”

“எது கரைச்சா இன்னா? கரைஞ்சிச்சில்ல?”

“ரெண்டு பேர் சேர்ந்து ஒரு மூட்டையைத் தூக்கறா. அதுல ஒருத்தர் எவ்வளவு தூக்கினார்னு கேட்டா எப்படிக்கா சொல்றது? நான் வேரைப் பத்தித்தான் எழுதணும்.”

வசந்தா உதறுவதை நிறுத்தினாள். கையில் இருந்த கொடியிலிருந்து ஒரு காயைப் பிய்த்து, உரித்து, தின்னாமல் வைத்துக்கொண்டாள்.

“அப்ப இத்த வெச்சி உனுக்குப் பட்டம் குடுக்க மாட்டாங்க.”

“மாட்டா.”

“என்னால.”

“நான் அப்படிச் சொல்லலை.”

“நீ சொல்ல மாட்ட. அதான் நான் சொல்றேன்.”

மாசிலாமணி அந்தப் பக்கம் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். “படிச்ச பொண்ணு வேலைல கைய வெக்காதன்னு நான் அன்னிக்கே சொன்னேன்.”

“நீ சொன்னது மோட்டார் போடறதப் பத்தி. கூழு குடிக்கறப்ப நீதான் மொத ஆளா குந்தின.”

அவர் ஊசியைப் பார்த்துக்கொண்டார்.

“தெரிஞ்சா ஊத்தினீங்க? எனக்காகத்தானே,” என்றாள் ப்ரியம்வதா.

“உனுக்காகத்தான். எனுக்கு உன் படிப்பு தெரியாது, உன் மிஷினு தெரியாது. கேவுரு தெரியும், ஆத்தாளத் தெரியும். தெரிஞ்சத செஞ்சேன். ஒண்ணும் செய்யாம கைய கட்டிகினு பாரு, அதான் உதவின்னா, அது எப்டிம்மா முடியும் மனுசியால?”

(யோசித்துப் பார்த்தால், அளக்கிற வேலை முழுக்க அதுதான். பிடித்த ஒன்றின் பக்கத்திலேயே இருந்து, அதைத் தொடாமல் இருப்பது. அதற்குப் பயிற்சி வேண்டும். வசந்தாவுக்கு அந்தப் பயிற்சி இல்லை. சொல்லப்போனால் அவள் வாழ்க்கை முழுக்க அதற்கு நேர் எதிரான பயிற்சி.)

“இன்னும் ஒரு போகம் குடுத்திருக்காக்கா. இதே நிலத்துல. அதான் கேக்க வந்தேன்.”

“கேக்கறதுக்கு இன்னா கீது? நெலம் எங்கனா ஓடிப்பூடுமா? வந்து புதை.”

“ஆனா கூழ்…”

“ஊத்தாதன்ற.”

“ஆமாக்கா.”

“அது முடியாதே.”

“ஏன்?”

வசந்தா முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். “நேர்ந்துகினது ஒரு வருசத்துக்கு இல்லம்மா. நீ டாக்டராவற வரிக்கும் ஒவ்வொரு ஆடியும் அந்தச் செவப்புக் கொடிங்களுக்கு ஊத்தறேன்னு வாக்கு குடுத்துட்டேன்.”

“அக்கா, நீங்க ஊத்தற வரைக்கும் நான் டாக்டராக முடியாது.”

“நீ டாக்டராவற வரிக்கும் நான் நிறுத்த முடியாது.”

மாசிலாமணிதான் முதலில் சிரித்தார். ஊசி கையில் குத்திக்கொண்டும் சிரித்தார். ப்ரியம்வதா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், முடியவில்லை. வசந்தா இரண்டு பேரையும் முறைத்தாள்.

“சிரிங்க. வாக்கு குடுத்தவ நானு.”

“சாமியாண்ட போயி தப்பாயிடுச்சின்னு சொல்லிட்டு வாயேன்,” என்றார் மாசிலாமணி.

“நீ போயி சொல்லு.”

அவர் போகிற மாதிரித் தெரியவில்லை.

ப்ரியம்வதாவும் அதைச் சொல்ல முடியாதவள். கொடுத்த வாக்கை மீறச் சொல்வது என்றால் என்னவென்று அவள் வீட்டில் யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. வசந்தா அதையும் புரிந்துகொண்டவள்போலச் சொன்னாள்:

“நீ வோணாம்னா உட்டுடறேன். மெய்யாத்தான் சொல்றேன். உன் வாயால ஒரு தபா சொல்லு, ஊத்தல. ஆத்தா கேட்டா நான் பாத்துக்கறேன்.” பிறகு கையில் இருந்த பருப்பை வாயில் போட்டுக்கொண்டு, “இல்லன்னா ஒண்ணு செய்யட்டா? வெள்ளைக்கும் சேத்து ஊத்திட்டா?”

ப்ரியம்வதா நிமிர்ந்தாள். எல்லாக் கொடிக்கும் ஒரே அளவு கூழ் என்றால், இரண்டுக்கும் நடுவே மறுபடியும் வேர் மட்டும்தான் வித்தியாசம். கணக்கு நிற்கும். நிற்கலாம். ஆனால் கூழின் புளிப்பு எல்லா இடத்திலும் ஓங்கி நின்றால் வேர் செய்யும் சின்ன வேலை அதற்குள் தெரியாமலே போகவும் கூடும். அப்படிப் போய்விட்டால் அதற்கப்புறம் போகமும் இல்லை, பட்டமும் இல்லை.

“சாவு வூட்டுத் துணிக்கு ஊத்துவீங்களா?”

“உனுக்குன்னா ஊத்தறேன். ஊரு சிரிச்சா சிரிக்கட்டும்.”

9

இங்கே நிறுத்துகிறேன்.

எழுதாமல் விடுவதற்குச் சோம்பல் காரணமில்லை. இரண்டையும் எழுதினேன். ‘ஊத்த வேண்டாம்க்கா’ என்று எழுதிய காகிதத்தில் அளவு சுத்தமாக வந்தது, ப்ரியம்வதாவுக்குப் பட்டமும் கிடைத்தது. ஆனால் அந்த ஆடி முழுக்க வசந்தாவின் குரல் எனக்குக் கேட்கவில்லை. வரப்பில் நிற்கிறாள், கொடிகளைப் பார்க்கிறாள், பேசமாட்டேன் என்கிறாள். ‘எல்லாத்துக்கும் ஊத்துங்கோ’ என்று எழுதிய காகிதத்தில் ஒரே பேச்சும் சிரிப்பும்தான். ஒவ்வொரு கொடிக்கும் சொம்பு அளந்து ஊற்றுகிறார்கள், “அதுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, இதுக்குக் கம்மி” என்று சண்டை. ஆனால் ஆய்வகத்தில் அந்த நீலம் என்ன ஆயிற்று என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. கதவு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

நீங்கள் யாராவது ஒருவருக்காக இப்படி எதையாவது ஊற்றியிருப்பீர்கள். அல்லது உங்கள் மேல் யாராவது ஊற்றியிருப்பார்கள். என்னைவிட உங்களுக்குச் சரியாகத் தெரியும். களத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். கைப்பேசி அடிக்கிறது. பேராசிரியர்தான். ப்ரியம்வதா எடுத்துக் காதில் வைக்கிறாள். கண் வசந்தாவின் மேல் இருக்கிறது.

“சார், நிலம் இருக்கு. அக்கா தரேன்னுட்டா. கூழைப் பத்தி நாங்க என்ன முடிவு பண்ணியிருக்கோம்னா—”